நிரல் எழுதக் கற்பவர்களுக்கு ஆய்வகத்திலேயே மெய்யியல் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பொறியியல் கலந்தாய்வு நடக்கும் ஒவ்வோர் ஆண்டும் கணினி சார்ந்த இடங்களுக்கே பெரும் போட்டி. அங்கே சேரும் மாணவர்களுக்குப் பைத்தான் கற்பிப்பதா ஜாவா கற்பிப்பதா, செயற்கை நுண்ணறிவை எந்த செமஸ்டரில் சேர்ப்பது என்றெல்லாம் நிறையப் பேசுகிறோம். “இந்த நிரல் சரி” என்று ஒருவர் சொல்லும்போது, அது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கும் பழக்கத்தை யார் கற்பிப்பது என்று பேசுவதில்லை. அறிவு எப்படி உண்டாகிறது, எங்கே பிசகுகிறது, எதைச் சான்றாகக் கொள்ளலாம் என்பவை மெய்யியலின் பழைய கேள்விகள். அவற்றைத் தனித்தாளாக வைத்துத் தேர்வு நடத்துவதால் பெரிய பயன் இல்லை. கணினி ஆய்வகத்துக்குள், மாணவர் பிழை தேடும் நேரத்தில் அவை கேட்கப்பட வேண்டும் என்பதற்காகவே இக்கடிதம்.

1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் தன் முதல் பயணத்தில் புறப்பட்டு 40 வினாடிக்குள் சிதறியது. கிடைத்திசை வேகத்தைச் சார்ந்த ஒரு 64 பிட் தசம எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றிய இடத்தில், 32,767 என்ற உச்சவரம்பை எண் தாண்டிவிட்டது. இந்த அளவு எல்லா வகுப்பிலும் சொல்லப்படுகிறது. சொல்லப்படாத பகுதிதான் மாணவருக்கு மிகவும் தேவை. அப்படி மாற்றப்படும் மாறிகள் ஏழு இருந்தன. செயலியின் சுமை 80 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பதற்காக நான்குக்கு மட்டும் பாதுகாப்பு வைத்து, மூன்றை விட்டார்கள். அந்த மூன்றும் வரம்பைத் தாண்டாது என்ற முடிவு ஏரியான் 4-இன் பாதைக்குச் சரியாகவே இருந்தது. நிரல் புதிய ராக்கெட்டுக்கு வந்தது. அந்த முடிவுக்கு ஆதாரமாக இருந்த பாதை வரவில்லை. அந்தக் கணக்குப் பகுதிக்கு ஏரியான் 5 கிளம்பிய பிறகு எந்த வேலையும் கிடையாது, பழைய ராக்கெட்டின் தேவைக்காகவே ஓடிக்கொண்டிருந்தது.

அதைவிட ஆழமான தவறு ஒன்று உண்டு. மாற்றுக் கணினி தயாராகத்தான் இருந்தது. ஆனால் அதிலும் அதே நிரல் ஓடியதால் அதுவும் அதே காரணத்தால், முதல் கணினிக்குச் சற்று முன்பே நின்றுவிட்டது. வழக்கத்துக்கு மாறாக ஏதாவது நடந்தால் கணினியை நிறுத்தி மற்றொன்றிடம் பொறுப்பைக் கொடு என்ற விதி, கோளாறு என்றால் தற்செயலாக வன்பொருள் பழுதாவதுதான் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது. கணிதவியலாளர் ழாக்-லூயி லியோன்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு, பிழை தெரியும்வரை மென்பொருள் சரி என்று கொள்ளும் அந்தப் பார்வையையே மறுத்தது. சரி என்று காட்டப்படும்வரை மென்பொருளில் பிழை உண்டு என்றே கொள்ள வேண்டும் என்று எழுதியது. மெய்ப்பிக்கும் பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்குக் குழு தந்த விடை இது. இதைப் பதினைந்து நிமிடம் வகுப்பில் விவாதித்த மாணவர், அடுத்த முறை எவரோ எழுதிய நூலகத்தை (ஆயத்த நிரல் தொகுப்பை)த் தன் திட்டத்தில் சேர்க்கும்போது அதனுடன் எந்த நம்பிக்கைகள் சேர்ந்து வருகின்றன என்று கேட்பார்.

பிரிட்டனில், மெய்ப்பிக்கும் பொறுப்பு யாருடையது என்ற இதே கேள்வி மனிதர்களைச் சிறைக்கு அனுப்பியது. 1999 முதல் அங்குள்ள அஞ்சல் கிளைகளில் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் புகுத்தப்பட்டது. கிளை நடத்தியவர்களின் கணக்கில் பணம் குறைவதாக அது காட்டியது. திருட்டு, பொய்க்கணக்கு என்ற குற்றச்சாட்டுகளில் 900-க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டார்கள். சிலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். கணினி சரியாக இயங்கியது என்று வழக்குத் தொடுப்பவரே காட்ட வேண்டும் என 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. 1999-இல் வந்த சட்டம் அதை நீக்கியது. அதன் பிறகு, மாறாகக் காட்டும்வரை கணினி சரி என்பதே நீதிமன்றத்தின் ஊகமாயிற்று. கிளை நடத்துபவரிடம் மென்பொருளின் உள்பதிவுகள் கிடையாது. அவர் எப்படி மாறாகக் காட்டுவார்? 555 பேர் தொடர்ந்த வழக்கில், 2019 டிசம்பரில், அந்த மென்பொருளின் பழைய வடிவம் நம்பத்தக்க அளவில் உறுதியானது அல்ல என்று நீதிபதி தீர்ப்பளித்தார். கிளைக்குத் தெரியாமலே வெளியிலிருந்து அதன் கணக்கை மாற்ற முடிந்தது என்பதும் அவ்வழக்கில் உறுதியானது. தண்டனைகளை மொத்தமாக நீக்க 2024-இல் தனிச்சட்டமே தேவைப்பட்டது.

நம் மாணவர்களுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவைச் சான்றாக்க இரண்டு பகுதிகள் கொண்ட சான்றிதழ் கேட்கிறது. ஒரு பகுதியைக் கணினிக்குப் பொறுப்பானவரும் மறு பகுதியை வல்லுநரும் தர வேண்டும். பதிவின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பும் அதில் இடம்பெறும். இன்று மூன்றாமாண்டு படிப்பவர்களில் சிலர் நாளை அந்தத் தாளில் கையெழுத்திடுவார்கள். பதிவு எடுக்கப்பட்ட பின் மாறவில்லை என்பதை ஹாஷ் காட்டும். எழுதப்பட்ட நேரத்தில் அது உண்மையாக இருந்ததா என்பதைப் பற்றி ஹாஷ் எதுவும் சொல்லாது. மாறாமை வேறு, உண்மை வேறு என்ற இந்த ஒரு வேறுபாடு மனத்தில் பதியாத பொறியாளர், நல்லெண்ணத்தோடே ஒரு நிரபராதிக்கு எதிராகக் கையெழுத்திட முடியும்.

இந்தச் சிந்தனைக்குத் தேவையான சொற்களைத் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. மணிமேகலையின் 27-ஆம் காதையில், வஞ்சி மாநகரில் வைதிகவாதி, அறிவு பெறும் வழிகளான அளவைகளை விளக்கும் இடத்தில், அறிவுபோலத் தோன்றி அறிவாகாதவை எட்டு என்று ஒரு பட்டியல் வருகிறது. பிழை திருத்தும் பயிற்சிக்கு இதைவிடக் கச்சிதமான வகைப்பாட்டை நான் கண்டதில்லை.

ஒன்றை வேறொன்றாகக் கொள்வது திரியக் கோடல். இப்பியை, அதாவது சிப்பியை, பார்த்து வெள்ளி என்பது. 1960 அக்டோபர் 5 அன்று கிரீன்லாந்தின் தூலே தளத்தில் இருந்த அமெரிக்க ரேடார் அமைப்பு, ஏவுகணைகள் வருவதாக எச்சரித்தது. ரேடார் கண்டது உதித்துவந்த நிலவை. கணினி தனக்குச் சொல்லப்பட்டபடியே வேலை செய்தது. வானத்தில் நிலவு உண்டு என்பது வடிவமைத்தவர்கள் அதற்குக் கொடுத்த உலகத்தில் இல்லை. சோவியத் தலைவர் குருஷேவ் அந்நேரம் நியூயார்க்கில்தான் இருந்தார் என்ற, ரேடாருக்கு வெளியே இருந்த அறிவு அதிகாரிகளை நிதானிக்க வைத்தது. நிரலை, அது என்ன செய்ய வேண்டும் என்று எழுதிய குறிப்போடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். குறிப்பை உலகத்தோடு ஒப்பிடக் கணித நிறுவல் எதுவும் கிடையாது, மனிதர்தான் யோசிக்க வேண்டும்.

ஆராயாமல் துணிவது தேராது தெளிதல். வெளியில் நிற்கும் தறியை (நட்ட கம்பத்தை) மகன், அதாவது மனிதன், என்று முடிவுகட்டுவது. கனடாவில் உருவான தெராக்-25 என்ற கதிரியக்கச் சிகிச்சைக் கருவி, 1985-க்கும் 1987-க்கும் இடையே ஆறு நோயாளிகளுக்குப் பேரளவுக் கதிர்வீச்சைப் பாய்ச்சியது. 1985 ஜூலையில் ஒன்டாரியோவின் ஹாமில்டனில் நடந்த விபத்துக்குப் பின், தயாரித்த நிறுவனத்தால் கோளாறை மீண்டும் உண்டாக்கிப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் ஒரு நுண்சுவிட்ச்தான் காரணம் என ஊகித்து, அதை மாற்றியமைத்து, பாதுகாப்பு ஒரு லட்சம் மடங்கு கூடியதாக அறிவித்தது. அதற்குப் பின்னும் விபத்துகள் நடந்தன, உயிர்களும் போயின. உண்மைக் காரணம் மென்பொருளில் இருந்தது. முந்தைய தெராக்-20-இலும் அதே வகைப் பிழை உண்டு. அதில் தனியாக இருந்த வன்பொருள் தடுப்புகள் நோயாளியைக் காத்தன. மென்பொருளை நம்பிப் புதிய கருவியில் அத்தடுப்புகளை எடுத்துவிட்டார்கள்.

அதே கருவியில் இன்னொரு வகையும் இருக்கிறது. புலி நெருங்குவதைப் பார்த்தும் உணராதிருப்பது கண்டுணராமை. திரையில் ‘மால்ஃபங்ஷன் 54’ என்று வரும். கருவியை இயக்குபவருக்கான கையேட்டில் அதற்கு விளக்கம் இல்லை. அப்படிப்பட்ட செய்திகள் அன்றாடம் பலமுறை வந்ததால், தொடர்வதற்கான ஒற்றை விசையைத் தட்டிவிட்டு வேலையைப் பார்ப்பது பழக்கமாகியிருந்தது. நிரலை இயந்திரமொழிக்கு மாற்றும் தொகுப்பியில் வரும் நாற்பது மஞ்சள் எச்சரிக்கைகளைப் படிக்காமல் கடந்துபோகும் மாணவருக்கு இந்த நிகழ்வைச் சொல்ல வேண்டும். எச்சரிக்கையைப் புறக்கணிக்கலாம், ஆனால் ஏன் புறக்கணிக்கிறோம் என்று ஒரு வரி எழுதிய பிறகு.

மீதி வகைகளில் இரண்டு இன்று புதிதாகத் தேவைப்படுகின்றன. முயற்கோடு (முயலின் கொம்பு) போலச் சொல்லின் அளவில் மட்டும் மனத்தில் தோன்றுவது இல்வழக்கு. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள், உண்மையில் இல்லாத ஒரு நூலகத்தின் பெயரை இருப்பதுபோல எழுதித் தருகின்றன. அந்தப் பெயரில் தீங்கான தொகுப்பை முன்கூட்டியே பதிவேற்றி வைத்துக் காத்திருப்பவர்களும் உண்டு. நிறுவுமுன் யார் வெளியிட்டது, முதல் பதிப்பு எப்போது வந்தது, மூல நிரல் எங்கே இருக்கிறது என்ற மூன்றையும் பார்க்க இரண்டு நிமிடம் போதும். காரணம் காணாமல், இவர்தான் உன் தாய் தந்தை என்று பிறர் சொல்ல அப்படியே எண்ணிக்கொள்வது நினைப்பு. கருவி தந்த நாற்பது வரியை ஒட்டிவிட்டு “ஓடுகிறது சார்” என்பவரின் நிலை அதுதான்.

டென்மார்க்கின் கணினியியலாளர் பீட்டர் நவுர் 1985-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், நிரலாக்கம் என்பது கோட்பாடு கட்டுவது என்றார். தத்துவவாதி கில்பர்ட் ரைலின் கருத்தைப் பின்பற்றி, நிரலின் உயிர் அதன் வரிகளில் இல்லை, எழுதியவர்களின் புரிதலில் இருக்கிறது, அவர்கள் கலைந்துபோனால் ஆவணம் எவ்வளவு இருந்தாலும் நிரல் செத்துவிடும் என்று வாதிட்டார். கருவி எழுதித் தந்த நிரலுக்கு அந்தப் புரிதல் முதலிலிருந்தே எவரிடமும் இல்லை. எனவே கருவியைத் தடைசெய்வதைவிட, ஒப்படைக்கப்படும் ஒவ்வொரு நிரலுக்கும் வாய்மொழித் தேர்வு வைப்பதே பயன் தரும். “இந்த வரியை எடுத்தால் முதலில் எது கெடும்?”, “நாளை ஒரு பயனருக்கு இரண்டு முகவரி வேண்டுமென்றால் எங்கே கைவைப்பாய்?” என்ற இரண்டு கேள்விகளிலேயே புரிதல் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

இனி ஆய்வகத்தில் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். ஒவ்வொரு பிழைக்கும் ஒரு தாள், அதில் ஐந்து கட்டங்கள். முதலாவதில் கண்டதை மட்டும் எழுத வேண்டும்: உள்ளீடு, நேரம், லாகில் (கணினியின் இயக்கப் பதிவில்) வந்த வரி எழுத்து பிசகாமல். “சர்வரில் ஏதோ பிரச்சினை” என்பது ஏதோ ஒன்று இருக்கிறது என்று மட்டும் அறிவது. காப்பியம் அதைச் சுட்டுணர்வு என்று தனியே பிரிக்கிறது. இரண்டாவதில் காரணம் என்று கருதுவது. மூன்றாவதில் அது எப்படித் தெரியும்: நேரே கண்டதா, கண்டதிலிருந்து கருதியதா, ஆவணமோ நண்பரோ கருவியோ சொன்னதா. நான்காவதில் எது நடந்தால் அந்தக் கருத்தைக் கைவிடுவோம் என்பது. இந்த நான்கும் நிரம்பும்வரை நிரலில் கைவைக்கக் கூடாது. ஐந்தாவது, சோதித்த பின் நிலை.

கட்டம் நான்குதான் மாணவர்களுக்குக் கடினம். “பிழை போய்விட்டால் என் கருத்து சரி” என்று எழுதுவார்கள். அது போதாது. சர்வரை மறுபடி தொடங்கியதாலோ தற்காலிகச் சேமிப்பு காலியானதாலோ கூடப் பிழை மறைந்திருக்கலாம். ஆகவே திருத்திய பிறகு திருத்தத்தைத் திரும்ப எடுக்கச் சொல்ல வேண்டும். பிழை மீண்டும் வந்தால்தான் திருத்தத்துக்கும் பிழைக்கும் தொடர்பு உண்டு. ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்ற கேள்விக்கு விடையே கிடைக்காது.

சோதனைகளுக்கும் இதே ஒழுக்கம் வேண்டும். ஓர் எண்ணின் வர்க்கத்தைத் தரும் சார்பை (நிரல் பகுதியை) 2 கொடுத்துச் சோதித்தால் 4 வரும். சார்பு தவறாக இரட்டிப்பு செய்தாலும் 4-தான் வரும். ஏது, அதாவது காட்டும் காரணம், இரு பக்கமும் பொருந்திவிட்டால் அதிலிருந்து முடிவுக்கு வர முடியாது. மணிமேகலையின் 29-ஆம் காதை இதை அநைகாந்திகம் என்று ஏதுப் போலிகளில் ஒன்றாக வைக்கிறது. 1963-இல் தத்துவவாதி எட்மண்ட் கெட்டியர் மூன்றே பக்கத்தில் எழுப்பிய கேள்வியும் இங்கே பொருந்தும்: நம்பிக்கை உண்மையாக இருக்கிறது, அதற்குக் காரணமும் இருக்கிறது, ஆனால் உண்மையானது தற்செயலாகத்தான் என்றால் அது அறிவா? மாணவர் செய்ய வேண்டியது எளிது. எல்லாச் சோதனைகளும் பச்சை காட்டியதும், நிரலில் ஒரு கூட்டலைக் கழித்தலாக்கி மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். அப்போதும் பச்சை வந்தால் அந்தச் சோதனை எதையும் காக்கவில்லை. இப்படி ஐந்து இடங்களில் வேண்டுமென்றே கெடுத்து, எத்தனை பிடிபட்டன என்று எழுதச் சொல்லலாம்.

வடிவமைப்பு வகுப்புக்கு வேறு வகைக் கேள்விகள். ‘தமிழ்’ என்பதில் எத்தனை எழுத்து என்று கேட்டுவிட்டு, கணினியைக் கேட்கச் சொல்லுங்கள். நமக்கு 3; யூனிகோடு குறியீடுகளாக எண்ணும் பைத்தானுக்கு 5; யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் பைட்டுகளாக 15. குறியீடு குறியீடாகத் திருப்பிப் போட்டால் ‘ழ்மித’ வராது; புள்ளி தனியே பிரிந்து முன்னால் நிற்கும், மகரத்தின் இகரம் ழகரத்தில் ஒட்டிக்கொள்ளும். தமிழ்க் குறுஞ்செய்தி ஒன்றுக்கு 70 குறியீடுதான் இடம் என்பதால் இந்த எண்ணிக்கையில் காசும் இருக்கிறது. எழுத்து என்றால் என்ன என்று முதலில் முடிவுசெய்யாமல் நீளம் அளக்க முடியாது என்பதை மாணவர் அரை மணி நேரத்தில் தாமே கண்டுகொள்வார்.

பெயரும் அப்படித்தான். குடும்பப்பெயர் கட்டாயம் என்று கேட்கும் படிவம், தகப்பன் பெயரை முன்னெழுத்தாகக் கொண்ட நம்மவரை அதை விரித்துக் கடைசியில் போட வைக்கிறது. பிறகு ஒரு ஆவணத்தில் ஒரு வரிசை, இன்னொன்றில் வேறு வரிசை என்று பொருந்தாமல் அலைகிறோம். முன்னெழுத்து என்பது ஒருவர் பெயரின் பகுதியா, அல்லது இன்னொருவரோடு அவருக்குள்ள உறவைக் காட்டும் குறியா? இதற்கு விடை சொல்லாமல் தரவுத்தள அட்டவணை போட முடியாது. முழுப்பெயர் எழுதியபடியே ஒரு புலம், அழைக்கும் பெயர் ஒரு புலம் என்று வைத்தாலே பாதித் தொல்லை தீரும்.

நேரக் கணக்கையும் பார்த்துவிடலாம். அறுபது பேர் வகுப்பை ஐந்து பேராகப் பிரித்தால் 12 குழுக்கள். வாரம் ஒரு இரண்டு மணி நேர ஆய்வகத்தில், குழுவுக்கு அரை மணி வீதம் நான்கு குழுக்கள் தங்கள் தாள்களை முன்வைக்கலாம். மற்றவர்கள் மறுக்க வேண்டும். மூன்று வாரத்தில் ஒரு சுற்று, 15 வார செமஸ்டரில் ஒவ்வொரு குழுவுக்கும் ஐந்து முறை. தனி கிரெடிட் வேண்டாம், இருக்கும் ஆய்வகத் தாளுக்குள்ளேயே அடங்கும். அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் முதலாண்டில் ‘தமிழர் மரபு’, ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ என ஒரு கிரெடிட் தாள்கள் இருக்கின்றன. அங்கே மணிமேகலையின் அந்த இரு காதைகளுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, கற்பிக்கத் தமிழாசிரியரை அழைத்தால், இரண்டாமாண்டு ஆய்வகத்துக்கு வரும்போது சொற்கள் கையில் இருக்கும்.

கெடக்கூடிய இடங்களும் உண்டு. தத்துவவாதிகளின் பெயரையும் ஆண்டையும் இரண்டு மதிப்பெண் கேள்வியாக்கிவிட்டால் அன்றோடு பயிற்சி முடிந்தது. தொழில்முறை அறத் தாளுக்குப் பல இடங்களில் நேர்ந்தது அதுதான். நிரல், லாக், விசாரணை அறிக்கை எதுவும் கையில் இல்லாமல் ‘இயந்திரம் சிந்திக்குமா’ என்று விவாதம் நடத்தினால் பேச்சுத் திறமைதான் வளரும். தாளை ஆய்வகம் முடிந்தபின் கற்பனையாக நிரப்புவார்கள். அதனால் முதல் நான்கு கட்டங்களை எழுதியதும் ஆசிரியர் நேரமிட்டுக் கையொப்பமிட வேண்டும். ஐயம் அளவு மீறி எதையும் முடிக்க முடியாமல் திணறுபவர்களும் இருப்பார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது, தவறினால் யாருக்கு என்ன நேரும் என்பதைப் பொறுத்தே ஐயத்தின் அளவு என்பது. கல்லூரி உணவக டோக்கன் செயலிக்கு ஒரு மணி நேரச் சோதனை போதும், இன்சுலின் பம்புக்குப் போதாது.

மதிப்பெண் எதற்கு என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். உள்மதிப்பீட்டில் 40 இருந்தால், 10 கண்டதைத் துல்லியமாக எழுதியதற்கு, 10 எப்படித் தெரியும் என்று பிரித்ததற்கு, 15 சான்று கிடைத்ததும் தன் முதல் கருத்தைக் காரணத்தோடு கைவிட்டதற்கு, 5 மட்டும் பிழை தீர்ந்ததற்கு. தீர்வுக்கே அதிக மதிப்பெண் என்றால் தாளைப் பின்னோக்கி எழுதுவார்கள். தன்னாட்சிக் கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுக்கள் இதற்காக எவர் அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. வரும் செமஸ்டரில் தரவுக் கட்டமைப்பு ஆய்வகம் ஒன்றில், ஒரு பிரிவு மாணவர்களோடு மட்டும் தொடங்கி, முதல் சுற்றுத் தாள்களை மற்ற கல்லூரிகளும் பார்க்கும்படி வெளியிட்டால், அடுத்து எதை மாற்றலாம் என்று எல்லோரும் சேர்ந்து பேச முடியும்.

இப்படிக்கு,
கணினியியல் ஆசிரியர்,
மதுரை.